வெல்டிங் மெஷின் வாங்கப்போகிறீர்களா?



பிழைப்பின் நிமித்தம் மும்பை, புனே, சூரத், பெங்களூரு, டெல்லி போன்ற நகரங்களில் வந்து குடியேறியிருக்கும் நம் குடும்பங்களில், கைவேலையில் ஆர்வமுள்ளவர்கள் அநேகர் உண்டு. துருப்பிடித்த ஜன்னல் கம்பி, கால் ஒடிந்த இரும்புக் கட்டில், தண்ணீர் டிரம் வைக்க ஒரு ஸ்டாண்டு, பிள்ளைகளின் புத்தகங்களுக்கு ஓர் அலமாரி என்று வீட்டில் வேலைக்குக் குறைவில்லை. இத்தனை சிறிய வேலைக்கு ஆள் வரமாட்டார். வந்தாலும் பொருளின் விலையைவிடக் கூலி அதிகமாகிவிடும். அப்பொழுதுதான், "நாமே ஒரு வெல்டிங் மெஷின் வாங்கிக் கற்றுக்கொண்டால் என்ன?" என்ற எண்ணம் பிறக்கிறது.

இது நல்ல எண்ணமே. முன்பெல்லாம் வெல்டிங் மெஷின் என்றால் இரண்டு பேர் சேர்ந்து தள்ளவேண்டிய இரும்புப் பெட்டியாக இருந்தது. இன்றோ, ஒரு கையால் தூக்கக்கூடிய மெஷின் ஐந்தாறு ஆயிரம் ரூபாயிலேயே கிடைக்கிறது. மும்பையின் நாக்தேவி தெருவிலும், டெல்லியின் சாவ்ரி பஜாரிலும், பெங்களூரின் எஸ்.பி. சாலையிலும் கருவிக் கடைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. கடைக்குள் நுழைந்தவுடன் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஆம்பியர் வேண்டும்?" என்பதே. பதில் தெரியாதவர், அதிகமாக இருந்தால் நல்லதுதானே என்று எண்ணிப் பெரிய எண் போட்ட பெட்டியை வாங்கிக்கொண்டு, மீதமிருக்கும் சில்லறையில் ஒரு கறுப்புக் கண்ணாடியையும் வாங்கி வீடு திரும்புகிறார். இந்த வரிசை தலைகீழானது.

இடம், மின்சாரம், கண், சரீரம் ஆகிய நான்கையும் தீர்மானித்த பிறகு, கடைசியாகத் தீர்மானிக்கவேண்டியதே மெஷின். இந்த வரிசையில் போகிறவருக்குப் பணமும் மிஞ்சும், பார்வையும் மிஞ்சும். ஒவ்வொரு காரியத்தையும் பார்ப்போம்.

1. முதலாவது, இடம்

வெல்டிங் செய்யும்போது தெறிக்கும் பொறிகள் பத்து மீட்டர் தூரம்வரைகூடப் போகும். கண்ணுக்குத் தெரியாத சிறு பொறி ஒன்று பழைய துணி மூட்டைக்குள் விழுந்து, நீங்கள் கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்த பிறகு நெருப்பாக எழும்பக்கூடும். ஆகவே ஒற்றை அறை வீட்டிற்குள்ளும், துணி காயும் பால்கனியிலும், சமையல் சிலிண்டர் இருக்கும் இடத்திலும், மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தியிருக்கும் இடத்திலும் வெல்டிங் கூடாது. மொட்டைமாடியோ, தரைத்தளத்தில் சிமெண்ட் போட்ட திறந்தவெளியோ தேவை. அடுக்குமாடிக் குடியிருப்பானால் சொசைட்டியின் அனுமதியையும், வாடகை வீடானால் வீட்டுக்காரரின் அனுமதியையும் முன்னதாகவே கேட்டுப் பெறுங்கள்.

மற்றொரு காரியம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். வெல்டிங் வெளிச்சத்தைக் கண்டால் பிள்ளைகள் ஓடிவந்து பார்ப்பார்கள். அந்த வெளிச்சம் நேராகப் பட்டாலும், வெள்ளையடித்த சுவரில் பட்டுத் திரும்பினாலும் கண்ணுக்குக் கேடுதான். வேலை செய்யும் இடத்தைச் சுற்றி ஒரு தகரத்தையோ, எளிதில் தீப்பிடிக்காத தடுப்பையோ நிறுத்திவைப்பது அவசியம். மழையிலும், ஈரத் தரையிலும் வேலை செய்யவே கூடாது. மும்பை, கொங்கண் பகுதிகளில் வசிப்போர், ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழை மாதங்களில் திறந்தவெளி வேலையை ஒதுக்கி வைத்துவிடுவதே நலம்.

இத்தகைய இடம் உங்களுக்கு இல்லையென்றால் மெஷின் வாங்காதீர்கள். இது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் பல நகரங்களில் வெல்டிங் மெஷினை நாள் வாடகைக்கு விடும் கடைகள் உண்டு. தெரிந்தவரின் பட்டறையில் வருடத்திற்கு நான்கு நாள் வாடகை மெஷினை வைத்து வேலை செய்வது, வீட்டு மூலையில் வருடம் முழுவதும் தூங்கும் மெஷினைவிடப் பிரயோஜனமானது.

2. சுவரிலுள்ள பிளக் சொல்லும் கணக்கு

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். சுவரில் இரண்டு வகையான பிளக்குகள் உண்டு. விசிறி, டி.வி.க்கான சிறிய பிளக் 6 ஆம்பியர், கீசர், ஏ.சி.க்கான பெரிய பிளக் 16 ஆம்பியர். வெல்டிங் மெஷினை 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டவே கூடாது.

வெல்டிங் மெஷினின்மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் வேறு, அது சுவரிலிருந்து இழுக்கும் ஆம்பியர் வேறு. மெஷின் அதிக வோல்ட்டைக் குறைந்த வோல்ட்டாக மாற்றி, அதற்கு ஈடாக ஆம்பியரைப் பெருக்கிக் கொடுக்கிறது. ராடின் நுனியில் 80 ஆம்பியர் ஓடும்போது அங்கே இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 23 வோல்ட் மட்டுமே. இரண்டையும் பெருக்கினால் 1,840 வாட். மெஷினுக்குள் வீணாகிறதையும் சேர்த்து, சாதாரண இன்வெர்ட்டர் மெஷின் இந்த வேலைக்குச் சுவரிலிருந்து ஏறத்தாழ 13 அல்லது 14 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் இதைத் தாங்கும்.

அதே மெஷினை 200 ஆம்பியரில் வைத்தால் என்ன ஆகும்? நுனியில் 28 வோல்ட், 200 ஆம்பியர். அதாவது 5,600 வாட். சுவரிலிருந்து இழுப்பது ஏறத்தாழ 40 ஆம்பியர். எந்த வீட்டுப் பிளக்கும் இதைத் தாங்காது. எம்.சி.பி. உடனே விழும், அது பழுதாகி விழாமற்போனால் சுவருக்குள் இருக்கும் ஒயர் சூடாகி உருகும். ஆகவே, "200" என்ற எண்ணுக்கு அதிகப் பணம் கொடுத்தாலும், வீட்டில் உங்களால் பயன்படுத்தக்கூடியது 80 அல்லது 90 ஆம்பியர்தான். நல்ல காரியம் என்னவென்றால், வீட்டு வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே போதும்.

வாங்குமுன் மின்கட்டண பில்லை எடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டிற்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை எத்தனை கிலோவாட் என்று அதில் அச்சிட்டிருக்கும். ஒன்று அல்லது இரண்டு கிலோவாட் மட்டுமே என்றால், மின்சார அலுவலகத்தில் விண்ணப்பித்து அதை உயர்த்திக்கொள்ளும்வரை பொறுத்திருங்கள். அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து, எர்த் சரியாக இருக்கிறதா, மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, பிளக்கிற்கு வரும் ஒயர் போதுமான தடிமன் உள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெல்டிங் நடக்கும்போது அதே இணைப்பில் கீசரோ இஸ்திரிப் பெட்டியோ ஓடக்கூடாது. எக்ஸ்டென்ஷன் ஒயர் தேவைப்பட்டால், 2.5 சதுர மி.மீ.க்குக் குறையாத செம்பு ஒயராக, கூடியவரை குட்டையானதாக வாங்கி, சுருளை முழுவதும் விரித்தே பயன்படுத்துங்கள். சுருட்டியபடியே பயன்படுத்தினால் ஒயர் தன் சூட்டிலேயே உருகிப்போகும்.

3. எந்த வகை மெஷின்?

கடைகளில் மூன்று வகைகளைக் காட்டுவார்கள்.

முதலாவது, ராடு வைத்து வெல்டிங் செய்யும் ஆர்க் மெஷின். தெருவோரப் பட்டறைகளில் நாம் காண்பது பெரும்பாலும் இதுவே. ராடின்மேல் இருக்கும் பூச்சு எரிந்து புகையாகவும் கசடாகவும் மாறி, உருகிய இரும்பைக் காற்றுப் படாமல் காக்கிறது. தனியாக வாயு சிலிண்டர் தேவையில்லை. காற்றடிக்கும் மொட்டைமாடியிலும் வேலை செய்யலாம். சிறிது துருவிருந்தாலும் சமாளிக்கும்.

இரண்டாவது, மிக் மெஷின். சுருளாக இருக்கும் கம்பி தானாகவே வெளியே வந்துகொண்டிருக்கும். கற்றுக்கொள்வதும் எளிது, மெல்லிய தகட்டிற்கும் ஏற்றது. ஆனால் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டரும், அதற்கான ரெகுலேட்டரும் வேண்டும். சிலிண்டர் இல்லாமல் மருந்து நிரப்பிய கம்பியில் ஓடும் வகையும் உண்டு. அந்தக் கம்பி விலை அதிகம், எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைப்பதுமில்லை.

மூன்றாவது, டிக் மெஷின். எவர்சில்வர் போன்ற நுட்பமான வேலைகளுக்கு இது சிறந்தது. ஆர்கான் வாயுவும், நெடுநாள் பயிற்சியும், இரண்டு கைகளுக்கும் தனித்தனி வேலையும் கேட்கும்.

"மூன்றும் ஒரே பெட்டியில்" என்று சொல்லி விற்கப்படும் மெஷின்களும் உண்டு. முதல்முறை வாங்குகிறவருக்கு அவை வேண்டாம். மூன்றில் இரண்டைத் தொடாமலேயே வருடங்கள் கழியும். முதல் மெஷின், ராடு வைக்கும் ஆர்க் மெஷினாகவே இருக்கட்டும். அதிலும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை வேண்டாம். அவற்றில் பல, இரண்டு ஃபேஸ் இணைப்பு கேட்பவை. வீட்டுப் பிளக்கிற்காகச் செய்யப்பட்டவை அல்ல. குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே என்று அதை வாங்கி, வீட்டு இணைப்பில் ஓட்ட முயல்வது ஆபத்து. நான்கு முதல் எட்டு கிலோ எடையுள்ள சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டர் மெஷினே வீட்டிற்கு உகந்தது.

4. பெட்டியின்மேல் உள்ள எண்கள்

இன்வெர்ட்டர் மெஷினைத் தெரிந்தெடுக்கும்போது, பெரிய எழுத்தில் உள்ளதை விட்டுவிட்டுச் சிறிய எழுத்தில் உள்ளதைப் படியுங்கள்.

டியூட்டி சைக்கிள்: இது பத்து நிமிடக் கணக்கு. "160 ஆம்பியரில் 60 சதவீதம்" என்றால், அந்த ஆம்பியரில் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் வேலை செய்யலாம், நான்கு நிமிடம் ஓய்வு கொடுக்கவேண்டும் என்று பொருள். சர்வதேச விதிப்படி இது 40 டிகிரி வெப்பத்தில் அளக்கப்படவேண்டும். டியூட்டி சைக்கிளையே அச்சிடாத மெஷினை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வீட்டில் 80 ஆம்பியரில் வேலை செய்கிறவருக்கு, தரமான 160 ஆம்பியர் மெஷின் மூச்சு வாங்காமல் உழைக்கும்.

உள்ளே வரும் மின்னழுத்தம்: மாலை நேரங்களில் மின்னழுத்தம் குறையும் பகுதிகளில் வசிப்போர், 180 வோல்ட்டிலும் ஓடுமா என்று பார்த்து வாங்குங்கள்.

ஹாட் ஸ்டார்ட், ஆன்டி ஸ்டிக்: முன்னது ராடு எளிதாகப் பற்றிக்கொள்ள உதவும். பின்னது, ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டால் மின்னோட்டத்தைக் குறைத்து விடுவிக்கும். புதிதாகக் கற்பவருக்கு இவ்விரண்டும் நல்ல துணை.

வி.ஆர்.டி.: வெல்டிங் நடக்காதபோது ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் வரை நின்றுகொண்டிருக்கும். வியர்வையில் நனைந்த சரீரத்திற்கு அது அபாயமே. அதைக் குறைத்து வைக்கும் அமைப்புத்தான் வி.ஆர்.டி. கிடைத்தால் நல்லது. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஈரக் கையோடும் வெறுங்காலோடும் ஹோல்டரைத் தொடக்கூடாது. உலர்ந்த மரப்பலகையோ ரப்பர் விரிப்போ காலடியில் இருக்கட்டும்.

5. கண்ணுக்குச் செய்யும் செலவு

தெருவோரப் பட்டறைகளில் ஒரு காட்சியைக் காண்கிறோம். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரும்பில் ஒரு பொட்டு வைப்பார்கள்; அல்லது சாதாரண வெயில் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டிருப்பார்கள். இருபது வருடமாக இப்படித்தான் செய்கிறேன் என்றும் சொல்வார்கள். அவர்களிடம் கைத்தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள். இந்தப் பழக்கத்தை மட்டும் கற்றுக்கொள்ளாதிருங்கள்.

வெல்டிங் ஒளியில் புற ஊதாக் கதிர் அடங்கியிருக்கிறது. அது கண்ணின் கருவிழிப் படலத்தைப் பொசுக்குகிறது. சில விநாடிகள் போதும். அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடு இரவில், கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் வலி ஆரம்பிக்கும், கண்ணீர் வழியும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. சாதாரணமாக ஓரிரு நாட்களில் சுகமாகிவிடும் என்றாலும், கண் மருத்துவரிடம் காட்டுவதே சரி. உருளைக்கிழங்கை அரைத்து வைப்பது, தாய்ப்பால் விடுவது போன்ற வைத்தியங்கள் புண்பட்ட கண்ணில் கிருமி சேர வழி செய்துவிடும். வலியை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைத் தாமாகவே கடையில் வாங்கித் திரும்பத் திரும்ப விடுவதும் கேடானது.

வெயில் கண்ணாடி வெல்டிங்கிற்கு உதவாது. முகத்தையும் கழுத்தையும் மூடும் கவசமே தேவை. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நிலையான கறுப்புக் கண்ணாடி பொருத்தியது. விலை மிகக் குறைவு, பாதுகாப்பிலும் குறைவில்லை. ஆனால் ராடு பற்றுமுன் உள்ளே இருந்து ஒன்றும் தெரியாது. அதனால்தான் புதியவர்கள் கவசத்தைத் தூக்கிவிட்டு ஒளியைப் பார்த்துவிடுகிறார்கள். மற்றொன்று, தானாகக் கறுக்கும் கண்ணாடி உடையது. சாதாரண நேரத்தில் உள்ளே இருந்து பார்க்கலாம். ஒளி தோன்றிய மாத்திரத்தில், நொடியின் பல ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் கறுத்துவிடும். கறுக்காத நிலையிலும் அதிலுள்ள வடிகட்டி புற ஊதாக் கதிரைத் தடுத்துக்கொண்டே இருக்கும். பணம் குறைவாக இருந்தால் வேறு எதிலாவது குறையுங்கள்; கற்றுக்கொள்ளும் காலத்தில் இந்த இரண்டாவது வகையே உங்களைக் காக்கும்.

கறுப்பின் அளவுக்கு எண் உண்டு. 80 ஆம்பியர் வேலைக்கு 10ஆம் எண் பொருத்தமானது; சற்று அதிக ஆம்பியருக்கு 11. எண்ணை மாற்றும் வசதியுள்ள, 9 முதல் 13 வரை செல்லும் கவசத்தை வாங்கினால் போதும். கடையிலேயே ஓர் ஆர்க் பற்றவைத்துக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு முறையும் தவறாமல் கறுக்கிறதா என்று சோதித்து வாங்குங்கள். எந்தத் தரச் சான்றும் குறிப்பிடாத கவசத்தை வாங்காதீர்கள்.

6. கை, சரீரம், மூச்சு

முழங்கை நெருங்கும் அளவுக்கு நீளமான தோல் கிளவுஸ், தோல் ஏப்ரன், முழுக்கைப் பருத்திச் சட்டை, மடிப்பில்லாத பருத்திக் கால்சட்டை, தோல் ஷூ ஆகியவை தேவை. நைலான், பாலியஸ்டர் துணிகள் பொறி பட்டவுடன் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சட்டைப் பையில் லைட்டர் இருக்கக்கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வெல்டிங்கின் அருகே போகவேண்டாம்.

புகையைக் குறித்துத் தனியே சொல்லவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் 2017-ல் சேர்த்தது. எப்போதாவது செய்கிறவர் இதற்காகப் பயந்து ஒதுங்கவேண்டியதில்லை; ஆனால் அசட்டை செய்யக்கூடாது. திறந்தவெளியில், காற்று உங்களுக்குப் பக்கவாட்டிலிருந்து வரும்படி நின்று, புகைக்கு மேலே தலையைக் குனியாமல் வேலை செய்யுங்கள். என்95 முகக்கவசம் புகையிலுள்ள நுண்துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அருகில் இருக்கவேண்டாம்.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப், ஜி.ஐ. தகடு ஆகியவற்றை வெல்டிங் செய்தால் வெள்ளைப் புகை எழும்பும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். புதிதாகக் கற்பவர் ஜி.ஐ. பொருளைத் தொடாமலிருப்பதே நல்லது. காலியான பெயிண்ட் டிரம், பெட்ரோல் டேங்க், எண்ணெய் பீப்பாய் ஆகியவற்றை ஒருபோதும் வெல்டிங் செய்யாதீர்கள். காலி என்று நாம் நினைப்பதற்குள் ஆவி நிறைந்திருக்கும்; ஒரு பொறியில் அது வெடிகுண்டாகிவிடும்.

7. ராடும் மற்ற சாமான்களும்

கடைகளில் ராடை கேஜ் கணக்கில் கேட்பார்கள். 12 கேஜ் என்பது 2.5 மி.மீ.; 10 கேஜ் என்பது 3.15 மி.மீ.; 8 கேஜ் என்பது 4 மி.மீ. எண் குறையக் குறைய ராடு தடிக்கும் என்பதை மறக்கவேண்டாம். 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர் போதும். 3.15 மி.மீ. ராடு 90 முதல் 130 ஆம்பியர் கேட்கும். நம் வீட்டுப் பிளக்கின் கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், உங்கள் ராடு 12 கேஜ்தான் என்பது தானாகவே விளங்கும்.

ராடின் ரகம் 6013 என்று கேளுங்கள். எளிதில் பற்றிக்கொள்ளும், எல்லா நிலையிலும் ஓடும், கசடு எளிதில் உரியும். 7018 ரகம் பலமானதுதான். ஆனால் அதைச் சூட்டடுப்பில் உலர்த்திப் பயன்படுத்தவேண்டும். அது பிறகு ஆகட்டும். அடோர், ஈசாப், டி அண்ட் எச் செச்செரான் போன்ற பெயர்பெற்ற நிறுவனங்களின் ராடுகள் எல்லா நகரங்களிலும் கிடைக்கின்றன. பெட்டியின்மேல் ஐ.எஸ். 814 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். ராடு ஈரம் பட்டால் கெட்டுப்போகும். காற்றுப்புகாத டப்பாவில் மூடி வையுங்கள்.

இவற்றோடு கசடு தட்டும் சுத்தியல், கம்பி பிரஷ், இரும்பைப் பிடித்துவைக்கும் சி கிளாம்ப் இரண்டு, நான்கு அங்குல கிரைண்டர் ஒன்று ஆகியவை வேண்டும். கசடு தட்டும்போதும் கிரைண்டர் ஓட்டும்போதும் வெள்ளைக் கண்ணாடிக் காப்பு அணியுங்கள். சூடான கசடு நேரே கண்ணுக்குத்தான் தாவும். கிரைண்டரின் தகட்டு உறையைக் கழற்றிவிட்டு ஓட்டுகிற பழக்கம் எங்கும் இருக்கிறது, அதைப் பின்பற்றாதீர்கள். இரண்டு வாளிகளில் மணல் நிரப்பி அருகில் வையுங்கள். மின்சாரம் ஓடும் மெஷின்மேல் தண்ணீர் ஊற்றலாகாது.

8. பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கணக்கு

விலைகள் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். எனினும், கையில் 12,000 ரூபாய் இருக்கிற ஒருவர் அதைப் பங்கிடவேண்டிய விதத்தைக் காட்ட ஓர் உத்தேசக் கணக்கு:

இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின் (ஹோல்டர், எர்த் கிளாம்ப் உட்பட): 6,000
தானாகக் கறுக்கும் முகக்கவசம்: 1,500
கிளவுஸ், ஏப்ரன், வெள்ளைக் கண்ணாடி, முகமூடி: 1,200
நான்கு அங்குல கிரைண்டர்: 2,000
சுத்தியல், பிரஷ், கிளாம்ப்: 600
ராடும், பழகுவதற்குப் பழைய இரும்பும்: 700
மொத்தம்: 12,000

மெஷினுக்குப் பாதிதான் போகிறது என்பதைக் கவனியுங்கள். அந்தப் பாதியை எட்டாயிரமாக உயர்த்திக் கவசத்தை வெட்டுகிறவர், கண்ணை அடகு வைத்து ஆம்பியர் வாங்குகிறார். பத்தாயிரம் ரூபாய்தான் கையில் இருக்கிறதென்றால், கிரைண்டரைத் தள்ளிவைத்து இரும்பைக் கடையிலேயே அளவுக்கு வெட்டி வாங்குங்கள், கவசத்தைத் தள்ளிவைக்காதீர்கள்.

வாங்கும்போது ஜி.எஸ்.டி. பில்லும், முத்திரையிட்ட கியாரண்டி அட்டையும் கேட்டுப் பெறுங்கள். நீங்கள் இருக்கும் நகரத்திலேயே அந்தக் கம்பெனிக்குச் சர்வீஸ் சென்டர் உண்டா என்று விசாரியுங்கள். இன்வெர்ட்டர் மெஷினில் பழுதாவது பெரும்பாலும் உள்ளேயுள்ள போர்டு. அதை எல்லா மெக்கானிக்கும் சரிசெய்ய முடியாது. பில்லும் கியாரண்டியும் இல்லாத பழைய இன்வெர்ட்டர் மெஷினைக் குறைந்த விலைக்கு ஆசைப்பட்டு வாங்கவேண்டாம். மெஷினோடு வரும் ஒயர் மிக மெல்லியதாகவும் ஹோல்டர் தளர்ந்ததாகவும் இருந்தால், அதை மாற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

9. கற்றுக்கொள்ளும் முறை

பழக்கமில்லாத கையோடு நேரே வீட்டு ஜன்னலில் ஆரம்பிக்கவேண்டாம். தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரிடம் விடுமுறை நாட்களில் சில மணி நேரம் கவசத்தோடு நின்று பாருங்கள். பிறகு 5 மி.மீ. தடிமனுள்ள பட்டை இரும்புத் துண்டுகளை வாங்கி, அவற்றின்மேல் நேர்க்கோடு போடப் பழகுங்கள். ராடின் நுனிக்கும் இரும்புக்கும் இடையே ராடின் பருமன் அளவே இடைவெளி இருக்கட்டும். கோடு சீராக வந்த பிறகு, இரண்டு துண்டுகளைச் செங்குத்தாக வைத்து மூலையில் இணையுங்கள்.

இணைத்ததை அப்படியே எடுத்து வைத்துவிடாமல், வைஸில் மாட்டிச் சுத்தியலால் அடித்து உடைத்துப் பாருங்கள். மேலே பளபளப்பாகத் தெரிந்த இணைப்பு, உள்ளே ஒட்டாமலே இருந்ததை அப்போது காண்பீர்கள். இருபது இணைப்புகளை உடைத்துப் பார்த்தவருக்கு, இருபத்தொன்றாவது இணைப்பைக் குறித்து ஓரளவு தெரியும். மெல்லிய பைப் எல்லாவற்றுக்கும் பின்னாலேயே வரவேண்டும், 1.2 மி.மீ. பைப்பில் புதியவரின் ராடு ஓட்டை போடும்.

அதன்பின் பூந்தொட்டி ஸ்டாண்டு, செருப்பு அலமாரி, மேஜைக்கால் என்று தரையோடு நிற்கும் பொருட்களைச் செய்யுங்கள். பால்கனிக் கைப்பிடி, மாடி ஏணி, குழந்தையின் தொட்டில், ஊஞ்சல் கொக்கி, தலைக்குமேல் தொங்கும் தண்ணீர்த்தொட்டித் தாங்கி ஆகியவற்றைச் செய்யாதீர்கள். இவற்றில் இணைப்பு விட்டுப்போனால் விழுவது இரும்பு மாத்திரமல்ல. அத்தகைய வேலைக்கு அனுபவமுள்ளவரை அழைத்து அவருக்குரிய கூலியைக் கொடுங்கள். ஒரு மாதம் வெல்டிங் பழகிப் பார்த்த பிறகு, அந்தக் கூலி எதற்காக என்பதும் விளங்கும்.

வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் ஆர்வம் காட்டினால், அதைப் பொழுதுபோக்கோடு நிறுத்தவேண்டியதில்லை. ஐ.டி.ஐ.களில் வெல்டர் பயிற்சி ஒரு வருடப் படிப்பு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். எஞ்சினியரிங் படித்தவர்களுக்கு, திருச்சி பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் உயர்நிலைப் பயிற்சிகளும் உண்டு.

வேலை முடிந்த பிறகு

கடைசியாக ஒரு சிறு பழக்கம். வேலை முடிந்ததும் மெஷினின் பிளக்கைக் கழற்றுங்கள். ஹோல்டரில் எஞ்சிய ராடை எடுத்துவிடுங்கள். சூடான துண்டுகளைப் பிள்ளைகள் கை படாத இடத்தில் வைத்து, "சூடு" என்று சாக்பீஸால் எழுதிவையுங்கள். இரும்பு கறுத்த பின்னும் கையைப் பொசுக்கும். பிறகு ஒரு மணி நேரம் அந்த இடத்தை விட்டு அகலாதிருங்கள். பொறி ஏதாவது எங்காவது ஒளிந்திருந்தால் அந்த நேரத்தில் வெளிப்பட்டுவிடும்.

அருமையான சகோதரர்களே, இந்த மாதமே கடைக்கு ஓடவேண்டாம். இன்று மாலை மின்கட்டண பில்லை எடுத்துப் பாருங்கள். நாளை எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அடுத்த வாரம் கவசத்தை வாங்குங்கள். இவை மூன்றும் ஆன பின்பு மெஷினைப் பற்றி விசாரிக்கப் போனால், "எத்தனை ஆம்பியர் வேண்டும்?" என்று கடைக்காரர் கேட்கும்போது உங்கள் வாயில் சரியான பதில் இருக்கும்.